மரத்தடி பெஞ்ச்

“பெத்த அப்பன் கடையை மட்டும் விட்டுட்டு வரைஞ்சிருக்கா! இதையா ஊரைக் கூட்டிக் காட்டுற?”

சலூன்காரருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

தெருமுனையில் நகராட்சி இரண்டு பெரிய படங்களை மாட்டியிருந்தது. இந்தத் தெருவைப் புதுப்பித்தால் எப்படி இருக்க வேண்டும்? பிடித்த படத்துக்குச் சீட்டுப் போடலாம். ஜெயிக்கிற படம் போலவே தெரு மாறும்.

இரண்டாவது படம், வரைபட ஆபீஸ் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த சாவிக்காரரின் மகள் வரைந்தது. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாவி போட வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

படத்தில் மரம் இருந்தது, விளக்குக் கம்பம் இருந்தது, சலூன் வாசல்கூட இருந்தது. மரத்தடியில் இருக்கும் சாவிக்காரரின் தகரக் கடை மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு பெஞ்ச்.

“சுருண்டு படுத்திருக்கிற நாய்க்கு இடம் இருக்கு, உனக்கு இல்லை. இது ஜெயிச்சா உன் கடையைத் தூக்கிப் போட்டுடுவாங்கய்யா!”

“விடுங்கண்ணே.”

சலூன்காரர் விடுகிற ஆளா? சாயங்காலம் மகள் கடைக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, அப்பா சாவிக்காரர்னு ஆபீஸ்ல சொல்ல வெட்கமோ?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அவர் ‘வேண்டாம்’ என்பதுபோல் தலையசைத்தார். திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

“பாத்தியா? நழுவிட்டா. பொழப்பையே கெடுத்துட்டாளே பாவி!”

சாவிக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார்.

“நீங்க எந்தப் படத்துக்குப் போட்டீங்கண்ணே?”

சலூன்காரர் திணறினார். “ரெண்டாவதுக்குத்தான்... அப்போ கவனிக்கல. பளிச்சுன்னு இருந்துச்சு.”

“பளிச்சுன்னு இருந்தாத்தானே எல்லாரும் போடுவாங்க. முதல்ல என் கடையோடதான் வரைஞ்சா. நான் உள்ள குனிஞ்சு அரம் போடுற மாதிரி, அச்சு அசலா. ஆபீஸ்ல பாத்தவங்க எல்லாருக்கும் அந்தத் தகரம்தான் கண்ணை உறுத்துச்சாம். இது ஜெயிச்சாத்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். அழிக்கவே மாட்டேன்னு ஒரே அழுகை.”

“அப்புறம்?”

“ரப்பரை எடுத்து நானே அழிச்சுட்டேண்ணே. அந்த இடத்தை வெறுமனே விட மனசு வராம, நான் வந்து உக்காரட்டும்னு அவ போட்டதுதான் அந்த பெஞ்ச்.”