பிரிக்காத தட்டு

ஜன்னல் வெயில் அலமாரியில் அடுக்கியிருக்கும் இசைத்தட்டுகளின் முதுகில் விழுகிறது. என் கட்டிலின் ஓரத்தில், செத்துப்போன என் நண்பனின் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவனுடைய ஹார்ட்கோர் ராக் இசைக்குழு வெளியிட்ட ஒரே தட்டு என் மடியில் இருக்கிறது. மொத்தமே நூறு பிரதிகள்தான் அடித்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருப்பது அநேகமாக இது ஒன்றுதான். “அவன் குரல் எங்க வீட்ல எதுலயும் இல்லப்பா. ஒரு தடவ போட்டுக் காட்டேன்,” என்கிறார். என் நகம் உறையின் ஓரத்தில் தயங்குகிறது. பிறகு கிழிக்கிறேன். ரெக்கார்ட் பிளேயரின் முள் இறங்கியதும் கிதார்கள் சுவரை இடிக்கின்றன. அவற்றுக்கு மேல் ஒரு தொண்டை அலறுகிறது. அவர் பொறுமையாகக் காத்திருக்கிறார். “அவன் எப்பப்பா பாடுவான்?” “இதுதான்ப்பா அவன்.” அவர் என்னை நம்பாமல் பார்க்கிறார். “இவனா? வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமாடான்னு தெனம் திட்டுவேனே.” எழுந்து போய் ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொள்கிறார். அவர் கன்னத்துச் சதை அதிர்கிறது. “நடுநடுவுல அப்பாங்கிறான். என்னயத்தான் திட்றானா?” “ஆமாப்பா.” முள்ளைத் தூக்கக் கை நீட்டுகிறேன். அவர் என் மணிக்கட்டைப் பிடிக்கிறார். “சத்தத்தக் கூட்டு.”