சீமைப்பலா மரத்தடிக் காவல்

"அந்த பெட்டேலோவை என் வீட்டு முன்னாடியிருந்து கிளப்பிவிடுங்க அக்கா. மத்ததையெல்லாம் அப்புறம் பேசலாம்."

மலாமா இப்படிச் சொன்னதும் பெண்கள் சங்கத்தில் பாய் முடைந்துகொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. தலைவி இயானெத்தா மட்டும் ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன பண்ணினான் அவன்?"

"மூணு வாரமா, சாயங்காலம் சங்கு ஊதினதும் என் வீட்டு சீமைப்பலா மரத்தடியில வந்து நிக்கிறான். ஊர்ல வேற மரமா இல்ல? புருஷன் ஊர்ல இல்லாத வீடு. நம்ம ஊர் வீடு, தூணும் கூரையும்தான்; மறைக்க ஒரு சுவர்கூட கிடையாது."

பொழுது சாய்ந்து சங்கு ஊதிவிட்டால் அந்த சமோவா கிராமத்தில் ஜெப நேரம். இருபது நிமிஷத்துக்கு ஒரு ஈ காக்கா வெளியே வரக் கூடாது. ஆண்கள் சாலையோரம் அங்கங்கே காவல் நிற்பார்கள். மீறினவர்களுக்கு ஒரு பெட்டி டின் மீன் அபராதம்.

அப்படிக் காவல் நிற்கிறவர்களில் ஒருவன்தான் பெட்டேலோ. மாட்டிவிடுவதில் பெத்த அப்பனைக்கூட விடமாட்டான். போன கிறிஸ்துமஸ் சமயம் மலாமாவின் புருஷன் ஜெப நேரத்தில் வண்டி ஓட்டி வந்தான் என்று மாட்டிவிட்டது அவன்தான். அன்றிலிருந்து மலாமாவுக்கு அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது.

சங்கத்தில் சொல்ல முடியாத காரணம் ஒன்றும் இருந்தது. ஜெப நேரத்தில் மலாமா ஜெபம் செய்வதில்லை. போனில் பேசுகிறாள்.

என்ன செய்வாள், பாவம். எட்டு வயது மகள் லூப்பே இருதய ஆபரேஷனுக்காக ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். துணைக்கு அப்பா. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, தூங்க வைப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் அங்கே பேச விடுவார்கள். அது சரியாகச் சங்கு ஊதும் நேரத்தில் வந்து விழுகிறது. இதெல்லாம் ஊருக்கே தெரியும். இருந்த காசெல்லாம் விமான டிக்கெட்டுக்குப் போய், அவள் போனில் நெட் இல்லாமல் கிடப்பதும் தெரியும்.

தெரியாதது ஒன்றுதான். ஜெப நேரத்தில் மட்டும், பாஸ்வேர்டு கேட்காத ஒரு ஹாட்ஸ்பாட் அவள் போனில் எட்டிப் பார்க்கும். எதிர்வீட்டுப் போதகரின் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு, போர்வைக்குள் ஒளிந்து மகள் முகத்தைப் பார்ப்பாள். வெளியே அந்தக் கடுவன் பூனை நின்றால் எப்படி நிம்மதியாகப் பேச முடியும்?

நியாயம்தான் என்றாள் இயானெத்தா. பெரியவர்களிடம் சொல்லி, அன்றைக்கே பெட்டேலோவைப் படகுத்துறைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இன்று ஒரு சாயங்காலம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுகொள்கிறேனே என்று கேட்டானாம். முடியாது என்றுவிட்டார்களாம். திமிரைப் பார் என்று மலாமா சிரித்தாள்.

மறுநாள் காலை லூப்பேவுக்கு ஆபரேஷன். அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன் என்று சொல்லியிருந்தாள்.

சங்கு ஊதியது. மரத்தடி காலி. மகள் பார்ப்பாளே என்று மலாமா காதோரம் ஒரு பூவைச் செருகிக்கொண்டு போனை எடுத்தாள்.

ஹாட்ஸ்பாட் இல்லை.

தூணுக்குத் தூண் போய் நின்று பார்த்தாள். இல்லை. ஐந்து நிமிஷம் போய்விட்டது. டின் மீன் போனால் போகட்டும் என்று சாலையைக் கடந்து போதகர் வீட்டு வாசலில் நின்றாள். ஜெபத்தின் நடுவில் எழுந்து வந்தாள் போதகரம்மா.

"அம்மா, உங்க நெட்டைக் கொஞ்சம் போட்டுவிடுங்க. குழந்தை காத்துக்கிட்டு இருப்பா."

"நம்ம வீட்டுல ஏதுடி நெட்டு? அவரு வச்சிருக்கறதே பட்டன் போனு."

மலாமா திரும்பி மரத்தடியைப் பார்த்தாள். மூன்று வாரமாக அங்கே நின்றவன் ஒருநாள்கூட வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டேதான் நின்றான். அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஓடினாள். ஜெப நேரத்தில், ஊரின் நடுச்சாலையில், செருப்புகூட இல்லாமல் படகுத்துறையைப் பார்த்து ஓடினாள். ஓடி வருகிறவளைப் பெட்டேலோ பார்த்தான். கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அவன் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் வந்து நின்றபோது அந்த ஹாட்ஸ்பாட் எட்டிப் பார்த்தது; அவள் போன் அடித்தது.

"அம்மா, எங்கம்மா போயிட்ட?" என்றாள் லூப்பே.

"இங்கதான் இருக்கேன் கண்ணு" என்று சொல்வதற்குள் மலாமாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாலையின் அந்தக் கோடியில் நின்ற காவல்காரன் குரல் கொடுத்தான்: "பெட்டேலோ, அந்தப் பக்கம் யாரோ ஓடி வந்த மாதிரி இருந்துதே?"

பெட்டேலோ திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னான்.

"இங்க யாரும் இல்லப்பா. நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேனே."