வாசலில் ஓர் அழுகை

அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளைப் புதைக்கும் பாறைச் சுரங்கம் அது. பத்தாயிரம் வருடம் கழித்து வருபவர்களும் அதைத் தோண்டிவிடக் கூடாது. எச்சரிக்கை எழுதி வைக்கலாமென்றால், அப்போது எந்த மொழி மிஞ்சியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அழுகைக்கு மொழி வேண்டாம், கேட்டவர்கள் பயந்து விலகிப் போவார்கள் என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். வாசலில் ஒலிக்கவிட ஒரு நிஜமான அழுகுரல் வேண்டும்.

மாதம்மாளைக் கூப்பிட்டார்கள். அந்தச் சுரங்கம் வெட்டும்போது பாறை சரிந்து மகள் பூங்கோதையைப் பறிகொடுத்தவள். மைக்கைப் பார்த்துக் கூச்சப்பட்டவள், தொடங்கிய பிறகு நிறுத்த முடியாமல் அழுதாள்.

ஒலிப்பதிவாளர் ஸ்டீபன் அதை வெட்டித் திருத்திப் போட்டுக் காட்டினான். வெறும் கேவல்தான் கேட்டது.

"எம்பொண்ணு பேரு எங்க தம்பி? பேரச் சொல்லித்தானே அழுதேன்?"

"எடுத்துட்டோம்மா. ஒரே சொல்லு திரும்பத் திரும்ப வந்தா யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கும். உள்ள ஆளு மாட்டியிருக்குன்னு நெனச்சுத் தோண்டிடுவாங்க."

மாதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ளதான தம்பி இருக்கா. நீங்க தேடாமயே சிமெண்டப் போட்டு மூடிட்டீங்க. அவங்களாச்சும் தோண்டட்டுமே."