அண்ணன் படுத்த நாற்காலி

"என்ன சார், ரோட்டுல நின்னு தார் போட்ட மாதிரி இப்படிக் கறுத்துட்டீங்க?"

சின்னவர் வாயைத் திறக்கவில்லை. அவர் ரோட்டில் நின்று தார் போடுகிறவர்தான். சொன்னால் குட்டு உடைந்துவிடும்.

பார்லர்காரப் பெண் கேட்டது அவரை இல்லை, அவருடைய அண்ணனை. இரண்டு பேரும் ஒரே வயிற்றிலிருந்து, ஒரே நாளில், கொஞ்சம் முன்னே பின்னே வந்து விழுந்த இரட்டையர்கள். அச்சு ஒன்று. படித்தவனைப் பிழைப்பு குளிர்சாதன அறையில் உட்கார வைத்தது. படிக்காதவனை வெயிலில் போட்டு வாட்டியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

போட்டிருப்பது அண்ணன் சட்டை. மூக்கில் அண்ணன் கண்ணாடி. இவள் நம்பிவிட்டாள். இதேபோல அம்மாவும் நம்பிவிட்டால் போதும்.

"பழைய நிறத்துக்கு வரணும். இன்னைக்கே."

"நான் என்ன மந்திரமா போடுறேன்? முக்கால்வாசி கொண்டுவந்துடலாம் சார். சாஞ்சுக்குங்க."

நாற்காலி என்று நம்பி உட்கார்ந்தது பின்னால் சாய்ந்து கட்டிலாகிவிட்டது. சின்னவர் பதறிப்போய்ச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் காசு வாங்குகிற எந்தத் தொழிலையும் அவர் நம்பியதில்லை.

அண்ணன் மாதம் தவறாமல் இங்கே வருவார். "என்னண்ணே, கல்யாணப் பொண்ணு கிளம்பியாச்சா?" என்று இவர் நாலு பேர் காதுபட நக்கல் அடிப்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார்.

அப்படி என்னதான் இருக்கிறது இந்தக் கடையில்? நெடுநாள் அரிப்பு அது.

முதலில் பால் மாதிரி ஒன்றைத் தடவினாள். அடுத்தது நறநறவென்று மணல் மாதிரி ஒன்று. கதவுக்கு உப்புத்தாள் போடுகிற கதைதான், ஆனால் வலிக்கவில்லை. பிறகு ஒரு கருவி புஸ்ஸென்று முகத்தில் ஆவியை விட்டது. தார்க் கொப்பரைப் புகையில் வெந்த முகம் அது. இந்த ஆவியோ பூவாய் மணத்தது. ஆவியிலும் பணக்கார ஆவி, ஏழை ஆவி உண்டு போலிருக்கிறது.

மூக்கோரத்தில் சின்னக் கம்பியால் நெம்பி எதையோ எடுத்தாள்.

"என்னம்மா அது?"

"அழுக்கு சார்."

பஞ்சை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். கடுகு போல ஒரு கறுப்பு. இத்தனை வருஷமாக வாடகை தராமல் குடியிருந்திருக்கிறது.

"இன்னொண்ணு இருக்கா பாரு," என்றார்.

அதற்குப் பிறகு வெறும் விரல்கள். நெற்றி, கன்னம், காதோரம், திரும்பவும் நெற்றி. தன் முகத்தை வேறொருவர் கை கடைசியாக எப்போது தொட்டது என்று யோசித்துப் பார்த்தார். முடிவெட்டுகிறவர் ஞாபகத்துக்கு வந்தார். வேறு யாரும் வரவில்லை.

உடம்பு பஞ்சாகிப் போனது. கண் சொக்கியது.

சீ, என்று தன்னையே திட்டிக்கொண்டார். அண்ணன் செத்து ஒரு மாதம்தான் ஆகிறது. தம்பிக்குச் சொகுசு கேட்கிறது.

ராத்திரி படுத்த அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். கட்டிலோடு கிடக்கும் அம்மாவிடம் அதைச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. வேலையாக வெளியூர் போயிருக்கிறான் என்று பூசி மெழுகினார்கள். நேற்றிலிருந்து அம்மா வாயைக் கட்டிவிட்டாள். பெரியவன் வந்தால்தான் சாப்பாடு, பெரியவன் வந்தால்தான் மாத்திரை.

அந்தப் பெண் முகம் முழுக்கக் களிமண்ணை அப்பினாள்.

"உங்க தம்பியை எப்ப சார் கூட்டிட்டு வரப் போறீங்க?"

சின்னவருக்கு முகம் இறுகியது. மண் காய்வதாலா என்று தெரியவில்லை.

"வெயில்ல கெடந்து வேகுறான், ஒருநாளாவது இங்க வந்து நிம்மதியாப் படுக்கட்டும்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவீங்களே."



"அவன் வரமாட்டான்மா. சரியான முரடன்."

"பேசாதீங்க சார், பூசினது வெடிச்சிடும்."

கழுவித் துடைத்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். உள்ளே அண்ணன் இருந்தார். முக்கால்வாசி.

சின்னவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆள் காத்திருப்பதாக அவள் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எழுந்தார்.

வீட்டில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்தார். அண்ணனைப் போலவே தொண்டையைச் செருமினார்.

"அம்மா, வந்துட்டேன்."

அம்மா கையைத் தூக்கி அவர் கன்னத்தைத் தொட்டாள். விரல்கள் கன்னத்தில் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு வாயைத் திறந்தாள்.

ஒரு வாய் ஊட்டினார். விழுங்கினாள். அடுத்த வாய். அதற்கடுத்த வாய். கதவுக்கு வெளியே அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கிண்ணம் காலியானது. மாத்திரையும் மறுபேச்சில்லாமல் உள்ளே போனது.

ஜெயித்தாகிவிட்டது. சின்னவர் ஈரத்துணியால் அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டார்.

"போதுமாம்மா?"

"போதும்டா சின்னவனே," என்றாள் அம்மா. "மூஞ்சி தேச்சுக்க நீயே போயிருக்கேன்னா... பெரியவன் எப்படா போனான்?"