படையல் நேரம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். கணினியில் பழங்கால ராஜ்யம் ஆளும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். நான்தான் ராஜா. வரைபடத்தில் ஒரு சிற்றூர் மட்டும் சிவந்திருந்தது. 'மதத் துரோகிகள்' என்று எழுதி, பக்கத்தில் 'ஒழி' என்றொரு பொத்தான். அழுத்தப் போனபோது திரைக்குள்ளிருந்து ஒரு குயத்தி கைகாட்டி நிறுத்தினாள்.

"எங்க குத்தம் என்னன்னு தெரியுமா ராசா?"

"அது இதுல எழுதலியேம்மா."

"சாமிக்குப் படையல் வச்சா நாங்க திரும்பி உக்காந்துக்குவோம். சாப்பிடுறவங்க வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறது மரியாதையா?"

"எல்லாரும் பாத்துத்தானே கும்பிடுறாங்க?"

"நாங்க மாட்டோம். நீ அழுத்திக்க."

அழுத்தினேன். முந்நூறு வீரர்கள் வாளோடு போய்ச் சேர்ந்தபோது அங்கே படையல் நேரம்.

"செத்த பொறுங்கப்பா, சாமி சாப்பிட்டுக்கட்டும்" என்றாள் குயத்தி.

வீரர்களும் தாய் வளர்த்த பிள்ளைகள்தானே. வாளைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருவராகத் திரும்பி உட்கார்ந்தார்கள். மாலைக்குள் வரைபடத்தில் அந்தச் சிவப்பு ஊர் ஊராகப் பரவி என் அரண்மனை வாசல்வரை வந்துவிட்டது. தோற்ற கையோடு விளையாட்டைச் செய்த கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன்: 'பொத்தானை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பாய் விரியுங்கள். அழிக்கும் முன் ராஜா கொஞ்சநேரம் உட்கார்ந்து கேட்கட்டும்.'

எங்கள் தெருவுக்கு இன்றுவரை மின்சாரமே வந்ததில்லை.