இக்ராவை அழைத்துப் போக வந்தவர்கள்

ஜீப் வாசலில் வந்து நின்றதும் பெரியப்பா முதல் வேலையாக ஷமாயிலாவின் அம்மாவை உள்ளறைக்குப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பிரிட்டிஷ் தூதரகத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கையில் ஒரு தாள் இருந்தது. அவளுக்குப் பின்னால் இரண்டு உள்ளூர் போலீஸ்காரர்கள் எருமைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இக்ரா யாரு?”

இக்ரா எழுந்து நின்றாள். பதினான்கு வயது. விரல்களில் சப்பாத்தி மாவு ஒட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்று.

மூன்று வார விடுமுறை, மாம்பழம் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் அக்கா ஷமாயிலாவையும் தங்கை இக்ராவையும் அம்மாவோடு பாகிஸ்தானிலிருக்கும் மீர்ப்பூருக்கு அனுப்பியிருந்தார்கள். டிக்கெட் எடுத்துக் கொடுத்த அப்பா இங்கிலாந்தில், பிராட்ஃபோர்டில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரப் பெண் இக்ராவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். இக்ரா அழுதுகொண்டே தலையாட்டினாள். பையை எடுத்து வர ஓடினாள்.

பெரியப்பா கத்தவில்லை. வந்தவர்களுக்கு டீ கொண்டு வரச் சொன்னார்.

டீத் தட்டோடு வந்த ஷமாயிலாவின் பக்கமாகக் குனிந்து, ஒரு கோப்பையை எடுத்தபடியே சொன்னார். “சின்னது போகட்டும். நீயும் கிளம்பினா, உங்கம்மா இங்கதான் இருப்பா.”

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினோரு நாளைக்கு முன், அந்த ஊர் வழக்கப்படி அவர் மகனுக்கும் ஷமாயிலாவுக்கும் நிக்காஹ் நடந்தபோது, ‘அவளுக்கு இஷ்டமில்லை’ என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள். அம்மாவின் மணிக்கட்டில் போட்ட கட்டை இன்னும் பிரிக்கவில்லை.

வெள்ளைக்காரப் பெண் டீயை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். ஷமாயிலா வாய் தவறிப் பதில் சொல்லிவிட்டாள், அசல் பிராட்ஃபோர்டு உச்சரிப்பில்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் வேறு பெயர் இல்லை.

ஷமாயிலாவைத் தனியாகக் கைப்பம்பு ஓரம் கூட்டிப் போனாள். “நீயும் அங்க பிறந்தவதானே? உன் பேர் இதுல இல்லைன்னா என்ன, வரேன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்.”

“அம்மாவையும் கூட்டிட்டுப் போவீங்களா?”

“அவங்ககிட்ட எந்த ஊர் பாஸ்போர்ட்?”

“இந்த ஊர்தான்.”

அந்தப் பெண் பார்வையைத் தாளுக்குத் திருப்பினாள்.

“நான் இஷ்டப்பட்டுத்தான் கட்டிக்கிட்டேன்,” என்றாள் ஷமாயிலா. “இங்கேயே இருக்கேன்.”

மூன்று முறை கேட்டாள் அந்தப் பெண். மூன்று முறையும் ஷமாயிலா சிரித்த முகமாகவே அதையே சொன்னாள்.

ஜீப்பில் ஏறும்போது இக்ராவின் துப்பட்டா சரிந்தது. ஷமாயிலா அதைச் சரிசெய்யப் போனாள். இக்ரா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“நீயும் இவங்க ஆளுதான்ல? எனக்கு வளையல் வாங்க நீதானே போனே.”

பக்கத்திலேயே பெரியப்பா நின்றிருந்தார். ஷமாயிலா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஜீப்பின் புழுதி அடங்கியதும் பெரியப்பா கேட்டைச் சாத்தினார். உள்ளறைக் கதவை இன்னும் திறக்கவில்லை.

“யாரு போன் பண்ணது?”

“அந்தச் சின்னச் சனியனாத்தான் இருக்கும்,” என்றாள் பெரியம்மா.

“ஆமா,” என்றாள் ஷமாயிலா. “அவதான்.”

வளையல் கடைக்காரி தன் போனைக் கொடுத்தது செவ்வாய்க்கிழமை. பெரியம்மா பக்கத்துக் கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நிமிடம்.

மறுமுனையில், தூதரகத்திலிருந்த பெண் கிராமத்தின் பெயர், இக்ராவின் பெயர், வயது, நிக்காஹ் தேதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடைசியாக, நீ யாரம்மா, உனக்கு அங்கே ஆபத்து ஒன்றும் இல்லையே என்று விசாரித்தாள்.

“எனக்கென்ன, நான் பக்கத்து வீடு,” என்று சொல்லி ஷமாயிலா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.