துரையின் மேசை மணி

புரட்சி ஜெயித்து, துரை நேற்றே கப்பலேறிவிட்டார். அவருடைய மேசையிலிருந்த பித்தளை மணிதான் மாட்டிக்கொண்டது. அதை உடைக்கும் உரிமை, முப்பது வருடம் அதன் சத்தத்துக்கு ஓடிய பியூனுக்கே என்று கூட்டம் முடிவு கட்டியிருக்கிறது. சன்னல் வெயிலில் மணி மினுங்குகிறது. பியூன் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போடுகிறார். டிங். "இதோ வந்துட்டேன் துரை!" சுத்தியலைப் போட்டுவிட்டு வாசலில் தான் வழக்கமாக உட்காரும் முக்காலி வரை ஓடி, அங்கிருந்து உள்ளே ஓடிவந்து கைகட்டி நிற்கிறார். "இவரு கால்ல இன்னும் பழைய ஆட்சிதான் நடக்குது" என்கிறான் ஒருவன். கூட்டம் சிரிக்கிறது. பியூனின் முகம் சுண்டிப்போகிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும் அவர் மனைவி, அவரைத் துரையின் நாற்காலியிலேயே உட்காரவைத்துத் துண்டால் இடுப்போடு இறுக்கிக் கட்டி, சுத்தியலைக் கையில் கொடுக்கிறாள். "இப்ப அடிய்யா, பாக்கலாம்." டிங். நாற்காலியும் சேர்ந்து எழுந்து நிற்கிறது. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாசலை நோக்கி அரையடி நகரவும் செய்கிறது. முதுகில் நாற்காலியோடு, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் அடிக்கிறார். டிங், டிங், டொக். மணி தட்டையாகக் கிடக்கிறது. "யாரும் கூப்பிடலடி" என்கிறார் மனைவியிடம், மெதுவாக. வலது கால் அதை நம்பிவிட்டது. இடது கால் மட்டும் கதவுப் பக்கம் திரும்பி, பெருவிரலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது.